மாமனாரின் கடலாசை

"தம்பி இதுவரைக்கும் எத்தனை மீட்டர் ஆழம் போயிருக்கீங்க?" என்று பாக் சுகெங் கேட்டபோது, ஹர்யோவின் வாயில் பாதி மென்ற வாழைக்காய் வறுவல் இருந்தது. உண்மையான பதில் இடுப்பளவு. அதுவும் நீச்சல் குளத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"கொஞ்சந்தான் ஐயா. ஒரு பதினெட்டு மீட்டர்."

"நமக்கும் ஏதோ இருபதுதான்" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு அவர் பாய்மரக் கயிற்றைப் பார்க்கத் தொடங்கினார். ஜாவாக் கடலிலுள்ள கரிமுன்ஜாவாத் தீவின் துறையைவிட்டுக் கிளம்பிய படகு, காற்று நன்றாகப் பிடித்த பாயோடு வெளித்தீவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஹர்யோ சமாராங்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். யாருக்கு எந்த நேரத்தில் என்ன ஆபத்து வரும் என்று கணிப்பதுதான் அவன் தொழில். அப்படிப்பட்டவன் இந்தப் படகில் ஏறியதற்குக் காரணம் லாரஸ். அவளைக் கட்டிக்கொள்ள அவள் அப்பா பாக் சுகெங் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஓய்வுபெற்ற அந்த ரயில் நிலைய அதிகாரி, ஹர்யோ வீட்டுக்கு வரும்போதெல்லாம் தேநீர் கொடுத்தார், தொலைக்காட்சியைப் பார்த்தார், "மழை வரும் போலிருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வந்தபாடில்லை.

ஒருநாள் வாசல்வரை வழியனுப்ப வந்த லாரஸின் அம்மா இபு மூர்னிதான் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். லாரஸின் அப்பாவுக்கு ஸ்கூபா, கடலுக்கடியில் போவது என்றால் உயிராம். கூடப் போக ஓர் ஆள்தான் கிடைக்கவில்லையாம். இபு மூர்னி வேறு எதுவும் கேட்கவில்லை. ஹர்யோவாகத்தான், "எனக்கும் அதே பைத்தியந்தாம்மா" என்று சொல்லிவைத்தான். பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் 'இல்லை' என்று சொல்லும் ஆள் அவன் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் பிறந்ததில்லை. அடுத்த மாதமே படகு ஏற்பாடாகிவிட்டது.

இப்போது எப்படியாவது தப்பிக்க வேண்டும், ஆனால் மானம் போகக்கூடாது. ஹர்யோ முதலில் நல்ல பிள்ளையாகப் பேசிப்பார்த்தான். ஐயா ரொம்ப நாள் கழித்து இறங்குகிறார், ஆழமான இடம் வேண்டாமே, ஏதாவது தீவோரமாக, நின்றால் கால் எட்டுகிற இடமாகப் பார்க்கலாமே என்றான்.

பாக் சுகெங்கின் மீசை ஒருதரம் துடித்தது.

"என் வயசைச் சொல்றீங்களா தம்பி?"

"ஐயோ, இல்லைங்க ஐயா."

"காசான்" என்று அவர் சுக்கான்காரரைக் கூப்பிட்டார். "இந்தப் பக்கத்துலயே ரொம்ப ஆழமான இடம் எதுவோ, அங்க விடுங்க."

காசான் தலையாட்டிவிட்டு, சுக்கானை இம்மிகூட அசைக்காமல் போன திசையிலேயே போனார். ஹர்யோ அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் அதற்குள் அடுத்த ஆளைத் தேடத் தொடங்கியிருந்தது.

அடுத்து அவன் பிடித்தது பஹாரை. கடலுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி அவன்தான். பின்பக்கம் காற்றுச் சிலிண்டர்களுக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தவனிடம் ஹர்யோ பல்லைக் காட்டி, பெரியவர் நலனுக்காகத்தான் கேட்கிறேன், அடியில் நீரோட்டம் பலமாக இருக்கிறதென்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கெஞ்சினான். பஹார் அவனை ஒரு கணம் பார்த்தான். சிரிப்பை எங்கோ கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டு, சரி என்றான்.

சொன்னபடியே சாப்பாட்டு வேளையில் எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தான். இன்றைக்கு அடியில் நீரோட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறதாம். ஹர்யோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஐயாவுக்கு இப்படி ஏமாற்றம் ஆகிவிட்டதே என்று வருந்த ஆரம்பித்தான்.

"ஏமாற்றம் எதுக்கு?" என்றார் பாக் சுகெங். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. "நீரோட்டம் இருந்தா உங்களை மாதிரி அனுபவசாலிக்குத்தானே குஷி. நீங்க முன்னால இறங்குங்க. எப்படி இருக்குன்னு பாத்துச் சொன்னா, நான் பின்னால வர்றேன்."

ஆக, சேர்ந்து சாகவேண்டியவன் இப்போது தனியாக, அதுவும் முதல் ஆளாகச் சாகவேண்டியதாயிற்று. லாரஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த அம்மா அவள் தட்டில் ஒரு துண்டு மீனை வைத்ததும் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

படகு நங்கூரம் போட்டது. தண்ணீர் பச்சையாக, அடிமணல் தெரிகிற தெளிவோடு கிடந்தது. ஆழத்தைப் பற்றி நினைக்கும் நிலையில் ஹர்யோ இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்து மூன்று ஏப்பம் விட்டான்.

"அம்மா... உடம்புக்குள்ள காத்துப் புகுந்துடுச்சு போல."

ஜாவாவில் இதைவிடக் கௌரவமான நோய் கிடையாது. மந்திரிக்கும் வரும், மாட்டுவண்டிக்காரருக்கும் வரும். யாரும் சந்தேகப்படமாட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் அதன் வைத்தியம்: முதுகில் தைலம் தடவி நாணயத்தால் சிவக்கச் சிவக்கச் சுரண்டுவது. சுரண்டிய உடம்பில் தண்ணீர் படவே கூடாது. இது தனக்கு ஏன் காலையிலேயே தோன்றவில்லை என்று ஹர்யோ தன்னையே நொந்துகொண்டான்.

இபு மூர்னி உடனே எழுந்தார். கைப்பையிலிருந்து நாணயத்தையும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார், பாயை விரித்துக் குப்புறப் படுக்கச் சொன்னார், ஆரம்பித்தார். அன்பான மனுஷி. ஆனால் கை மட்டும் மீன் செதில் எடுக்கிற கை. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒவ்வொரு கோடாக இழுக்க இழுக்க, ஹர்யோ பாயைக் கடித்துக்கொண்டு லாரஸை நினைத்துக்கொண்டான்.

"நல்லாச் செவக்குது. காத்து நெறைய இருந்திருக்கு" என்றார் இபு மூர்னி திருப்தியாக.

ஹர்யோவுக்கு நிம்மதி. அந்த நிம்மதி, பக்கத்தில் ஒரு கனமான உடம்பு தொப்பென்று விழும்வரைதான் நீடித்தது.

"மூர்னி" என்றது பாக் சுகெங்கின் குரல். "எனக்கும் முதுகு ஒரு மாதிரி கனக்குது."

அவருக்கும் கோடுகள் விழுந்தன. முடித்ததும் இபு மூர்னி இருவர்மேலும் கழுத்துவரை லுங்கியைப் போர்த்தி, காற்று வெளியேறும்வரை தலையைத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குப்புறக் கிடந்த ஹர்யோவின் மனம் கிடந்து தவித்தது. பாவம், மனிதர் எத்தனை வருஷமாக ஏங்கிய கடல். தன்னைப் பார்த்து அவருக்கும் நோய் ஒட்டிக்கொண்டது. இதற்கப்புறம் எந்த அப்பன் பெண் கொடுப்பான்? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எது ஆனாலும் ஆகட்டும் என்று, தனக்குச் சரியாகிவிட்டது, ஐயாவும் எழுந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து இறங்கிவிடலாம் என்றான்.

"பேசாமப் படுடா" என்றார் பாக் சுகெங். முதல்தடவையாக 'டா' போட்டார்.

அந்த 'டா'வில் ஹர்யோ உடைந்துபோனான். எல்லாவற்றையும் கொட்டினான். எந்தக் கடலிலும் இறங்கியதில்லை, பதினெட்டு மீட்டர் பொய், ஏப்பம் பொய், காற்று பொய். லாரஸ்மேல் வைத்த ஆசை மட்டும்தான் பொய்யில்லை. ஐயா ஆசையோடு வந்த பயணத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

லுங்கிக்கடியில் பாக் சுகெங்கின் உடம்பு குலுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் ஆசையா? கடல்னாலே எனக்கு ஆகாதுடா. பொண்டாட்டி வருஷா வருஷம் கடலுக்குப் போலாம், கடலுக்குப் போலாம்பா. நான் வருஷா வருஷம் மலைக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். உனக்குத்தான் கடலடின்னா பைத்தியம்னு மூர்னி சொன்னா. மாப்பிள்ளையா வரப்போறவன் ஆசைப்படறான், முகத்துல அடிச்ச மாதிரி எப்படி மாட்டேங்கறது?"

'மாப்பிள்ளையா வரப்போறவன்.' ஹர்யோவின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. முதுகின் எரிச்சல்கூட மறந்துபோயிற்று.

"நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வா, பேசி முடிச்சுடலாம்" என்றார் பாக் சுகெங். "இப்ப எந்திரி. ஊருக்குத் திரும்பலாம்னு நம்ம ரெண்டு பேருமாப் போய் மூர்னிகிட்டச் சொல்லிடலாம். பாவம், நமக்காக அவளும் வெயில்ல காய்ஞ்சுட்டிருப்பா."

இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பாய்மர நிழலில் யாரும் இல்லை. லாரஸ் மட்டும் படகின் விளிம்பில் சாய்ந்து, கைப்பேசியைத் தண்ணீரை நோக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து குமிழிகள் கொத்துக்கொத்தாக மேலே வந்தன.

"மூர்னி எங்கே?" என்று கேட்டார் பாக் சுகெங்.

சுக்கானில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்த காசான் நிதானமாகப் புகையை விட்டார்.

"அம்மா அப்பவே பஹார்கூடக் கீழ போயிட்டாங்களே ஐயா, படகு பேசறப்பவே சொல்லிட்டாங்க, 'ஆம்பளைங்க ரெண்டு பேரும் எப்படியும் இறங்கமாட்டாங்க, வழிகாட்டிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ரெண்டே ரெண்டு சிலிண்டர் ஏத்தினாப் போதும்'னு."