பெருந்துறையில் எனக்கு நடக்க இருந்த கல்யாணம்

எனக்கு ஒரு தடவை கல்யாணம் நிச்சயமானது. நிச்சயம் செய்தவன் நானேதான். பெண் வீட்டாரைக் கேட்கவில்லை, ஏனென்றால் பெண்ணே கிடையாது.

அப்போது பீளமேட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் நான் டெக்னிக்கல் ரைட்டர். (அப்பா ஊரில் "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறானுங்க" என்று முடித்துக்கொள்வார்.) பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபம் எங்கள் கிளையன்ட். அவர்கள் முகூர்த்தம் பதிவு செய்ய ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். அதற்குப் படம் போட்டுக் கையேடு எழுதுவது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறையில் தனியாக உட்கார்ந்து எழுதினேன். படத்துக்கு மாதிரிப் பதிவு ஒன்று வேண்டும். மற்றவர்கள் 'ஏபிசி' என்று அடித்துவிட்டுப் போவார்கள். நான்தான் தொழில் பக்தனாயிற்றே! மணமகன் இடத்தில் தினேஷ் என்று என் பெயரையும், கீழே அப்பா அம்மா பெயரையும், ஊரையும் போட்டேன். மணமகளுக்கு மிருதுளா என்று நானே பெயர் வைத்தேன். போன் நம்பருக்கு ஒன்பதையே பத்துத் தடவை அடித்தேன். காலண்டரில் நல்ல முகூர்த்தமாகப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு அறுநூறு பேர். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் ஒரு ஆள்கூடப் பேசியிருக்கவில்லை. அறுநூறு என்று அடித்தபோது மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. 'உறுதி செய்' பொத்தானை அழுத்தினேன்.

பழகிப் பார்க்க வைத்திருந்த பிரதியில் இல்லை. மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்த நிஜ மென்பொருளில்.

மூன்று மாதம் கழித்து மண்டப மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, நாளைக்குக் கல்யாணமுங்க. மாப்பிள்ளை நம்பருக்குப் போனே போகலீங்க. பேரு உங்க பேராட்டவே இருக்குது, சொந்தமுங்களா?"

பஸ் பிடித்து ஓடினேன். வாசலில் பெரிய மின்திரையில் 'தினேஷ் – மிருதுளா' ஜொலித்தது. கீழே அப்பா, அம்மா, ஊர். (பதிவில் உள்ளதைத் திரை தானாகக் காட்டும் என்று கையேட்டில் நானே பெருமையாக எழுதியிருந்தேன்.) உள்ளே அறுநூறு காலி நாற்காலிகள். இந்த நாளைக் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் கிளையன்ட் போவார், கூடவே என் வேலையும் போகும்.

"நாந்தானுங்க மாப்பிள்ளை," என்றேன். "பொண்ணு... இல்லீங்க."

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளில் கை வைத்தார். "மனச உட்டுப்போடாதீங்க தம்பி. எல்லாம் நல்லதுக்குத்தானுங்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

இல்லாதவள் என்னைக் கைவிட்டுப் போனதற்கு நான் நிஜமாகவே அழுதேன். அந்தக் கையை அவர் எடுக்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

வேலை தப்பியது. மானம் தப்பவில்லை. அந்த வழியாக பஸ்ஸில் போன பெரியப்பா திரையைப் படித்துவிட்டார். சாயங்காலம் அம்மா போன் செய்தார். "ஏஞ்சாமி, பெத்தவகிட்டக்கூடச் சொல்லோணும்னு தோணலியா?"

அம்மாவிடம் பொய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அத்தனை தனியாவா கண்ணு இருக்கறே?" என்றார்.

விஷயம் ஒரே வாரத்தில் சொந்தம் பூராவும் பரவிவிட்டது. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பெரியப்பா வாசலிலேயே மடக்குவார்: "ஏப்பா, மிருதுளாவக் கூட்டிட்டு வரலியா?" எல்லாரும் சிரிப்பார்கள்.

"லீவு கிடைக்கலீங்க பெரியப்பா," என்று நானும் சிரித்துவிட்டு, பந்தியில் ஒற்றை நாற்காலி எங்கே காலி என்று தேடிப் போவேன்.