நாற்பத்திரண்டு ஆசிரியர்களும் ஒரே மனதாக

பெருமதிப்பிற்குரிய பத்திராதிபர் இஷெனாலி அவர்களுக்கு, பிஷ்கெக்கிலிருந்து துணைப் பேராசிரியர் எசென்குல் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமா, வீட்டார் நலமா, ஆடு குதிரைகள் நலமா? தாங்கள் நான்காம் மாடியில் குடியிருப்பது தெரியும். ஆனாலும் நம் கிர்கிஸ் வழக்கப்படி மந்தையை விசாரிக்காமல் கடிதம் தொடங்க எனக்கு வராது.

தங்கள் காலாண்டிதழில் வரவிருக்கும் என் கட்டுரையைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பல இனத்து ஆசிரியர்கள் வேலை செய்யும் இடத்தில் தங்களை யாராக உணர்கிறார்கள் என்பதை இருபத்தாறு வருடமாக ஆராய்கிறேன். இந்தக் கட்டுரை வந்தால் பேராசிரியர். வராவிட்டால் அடுத்த வருடம் இப்படியே ஓய்வு. இருந்தாலும் நிறுத்துங்கள். தோக்மோக் நகரப் பள்ளியொன்றில் கிர்கிஸ், உஸ்பெக், துங்கன், ரஷ்யர் என்று நாற்பத்திரண்டு ஆசிரியர்களுக்கான படிவங்களைத் துணைத் தலைமையாசிரியை மின்சிலு அக்காவிடம் கொடுத்து வந்தேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. அத்தனை பேரும் தங்களை இனத்தால் அல்ல, 'ஆசிரியராக' உணர்ந்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, உடனே கட்டுரை எழுதிவிட்டேன். போன வாரம்தான் கவனித்தேன், மீசைக்காரரான உடற்பயிற்சி ஆசிரியர் கென்னாதி, 'மகளிர் தினத்தில் பூங்கொத்துத் தருகிறார்கள், மனநிறைவு' என்று எழுதியிருந்தார். வேன் பிடித்து ஓடினேன். அக்கா என்னை வாசலைப் பார்த்த மரியாதை இடத்தில் உட்காரவைத்து, விருந்தாளிக்கு ஊற்றும் முறைப்படி கிண்ணத்தில் பாதி தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"படிவமா? நாந்தான் எழுதுனேன். பின்ன? பாவம், நம்ம வாத்தியாருங்களுக்கு ரெண்டு ஷிப்டு வகுப்பு. தடுப்பூசிக் கணக்கு, மரம் நட்ட அறிக்கை, எல்லாம் முப்பது வருசமா நாந்தானே எழுதுறேன்!"

"அக்கா, இது அவங்கவங்க மனசுல இருக்கறது!"

"அது எனக்குத் தெரியாதா தம்பி? தினம் மூஞ்சியப் பாக்குறேன். ரொட்டியப் பிச்சுச் சாப்பிடு."

கென்னாதியைக் கூப்பிட்டு அவருடைய படிவத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றார்.

"அந்தப் பூ?"

"நெசந்தான். மிச்சமாகுறதை எனக்குத்தான் குடுப்பாங்க."

புதுப் படிவங்களை ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுத்து, "நீங்களே எழுதணும்" என்று கெஞ்சினேன். பவ்வியமாக வாங்கிக்கொண்டு, எழுதாமலே வரிசையாகப் போய் அக்காவின் மேசைமேல் வைத்தார்கள். ஆகவே என் ஆராய்ச்சி ஒரே ஒரு பெண்மணியின் கருத்து. அதை அறிவியல் என்று அச்சிட எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேராசிரியர் பதவி போனாலும் பரவாயில்லை. தங்கள் குடும்பம் தழைக்கட்டும், இல்லாத மந்தையும் பெருகட்டும்.

பணிவுடன்,
எசென்குல்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் இன்று மதியம் பல்கலைக்கழகக் கல்விக் குழு கூடி, கட்டுரைக்குத் தாங்கள் தந்த ஏற்புக் கடிதத்தை மட்டும் பார்த்து, என்னைப் பேராசிரியராக்கிவிட்டது. மனைவி அழுதாள், நானும் கொஞ்சம் அழுதேன். ஆகவே கட்டுரை வரட்டும். பதில் எழுதத் தாமதமானால் மன்னியுங்கள். எங்கள் துறையில் பதினெட்டுப் பேருக்கும் 'பணி மனநிறைவு' படிவம் வந்திருக்கிறது, மூத்தவன் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இளையவர்களுக்கு வகுப்பு அதிகம், பாவம். பதினொன்று முடித்துவிட்டேன். இதுவரை எல்லாரும் மனநிறைவோடுதான் இருக்கிறார்கள்.