காகிதத்தில் ஃப்ளோரிடாவாசி

நாளெண்ணி என்றொரு மனித இனம் உண்டு. சிறைக்கைதியும் நாள் எண்ணுவான், வெளியே போவதற்காக. நாளெண்ணியோ சொந்த ஊரில் அதிகம் தங்கிவிடாமல் இருப்பதற்காக எண்ணுகிறார். மினசோட்டாவில் பிறந்து, அறுபது வருஷம் வாசலில் பனி தள்ளி, ஓய்வு பெற்றதும் வருமான வரி இல்லாத ஃப்ளோரிடாவில் ஒரு சின்ன வீடு வாங்கி, ஓட்டுநர் உரிமத்தை மாற்றி, வாக்காளர் பதிவை மாற்றி, தேவாலயத்தை மாற்றி, நாய்க்கு டாக்டரைக்கூட மாற்றி, "இனி நான் இந்த மாநிலத்துக்காரன்" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவர். வருஷத்தில் பாதிக்கு மேல் பழைய மாநிலத்தில் கால் வைத்தால் பழைய வரி வந்து கழுத்தைப் பிடிக்கும். ஆகவே சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி நாட்காட்டி.

இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் ஆர்டன் சோல்பெர்க். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

போன டிசம்பரில் மகள் கிர்ஸ்டன் மினியாபொலிஸிலிருந்து போன் செய்தாள். தலைப்பிரசவம்.

"அப்பா, வலி ஆரம்பிச்சிடுச்சு. கிளம்பி வாங்க."

நாட்காட்டியைப் பார்த்தேன். மினசோட்டா நாட்களையெல்லாம் கோடையிலேயே தின்று தீர்த்திருந்தேன்.

"ஜனவரி ஒண்ணு வரைக்கும் தாங்குமாம்மா?"

சொன்னது நானேதான்.

"இருங்க, உள்ள இருக்கறவங்களக் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் என் மனைவி மார்லிஸ் பெட்டியில் துணி அடுக்கியிருந்தாள்.

"உனக்கும் நாள் முடிஞ்சிருச்சே!" என்றேன்.

"முடியட்டும். ஃப்ரிட்ஜில சூப் இருக்கு. சுட வெச்சுக் குடிங்க."

பேத்தி பிறந்தபோது நான் அரைக்கால் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து, கைபேசித் திரையில் ஒரு சிவந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். வெயில் என்றேன்.

ஏப்ரலில் மினசோட்டா வரி அலுவலகம் கூப்பிட்டது. இரண்டு அட்டைப்பெட்டி நிறைய ஆதாரத்தோடு போனேன். அதிகாரி யாங், என் மகள் வயதுப் பெண், விமானச் சீட்டு முதல் நாயின் ஊசிச் சீட்டு வரை பொறுமையாகப் புரட்டினார்.

"நாள் கணக்கு பிரமாதம் சார். ஒண்ணுகூடப் பிசகல."

என் நெஞ்சு ஓரங்குலம் நிமிர்ந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

அவர் நீட்டியது, நான் மினசோட்டாவில் எடுத்த மீன்பிடி உரிமம். வெளிமாநிலத்தாருக்குக் கட்டணம் அதிகம். அந்தச் சொற்ப டாலரை மிச்சம் பிடிக்க, "மினசோட்டாவில் குடியிருப்பவர்" என்ற கட்டத்தில் நானே டிக் போட்டிருந்தேன்.

"மீன் ஏதாவது மாட்டிச்சா சார்?"

"இல்லம்மா."

"எங்களுக்கு மாட்டிச்சு."

மூன்று வருஷ வரி, வட்டி, அபராதம். அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் குழந்தை வீறிட்டது.

"பயப்படாதடி கண்ணு," என்றாள் கிர்ஸ்டன். "தாத்தாதான். வெளிமாநிலம்."

குழந்தை அழாமல் என்னிடம் வர ஐந்து நாள் ஆயிற்றாம். மார்லிஸ் சொல்லித்தான் தெரியும். நான் எண்ணவில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று: "உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்லுமுன் கேட்பவர் யாரென்று ஒரு கணம் பார்ப்பீர்களா? அப்படியானால் தள்ளி நிற்காதீர்கள். நம்ம ஆள்தான் நீங்களும்.