பல்பொடிக்குத் தமுக்கடித்த கதை

விளம்பரம் செய்வதற்கென்றே பிறந்தவன் நான் என்று இருபத்திரண்டு வயதில் முழுமனதாக நம்பியிருந்தேன். (வீட்டில் வேறு யாரும் நம்பவில்லை.)

அப்போது அம்பாசமுத்திரத்தில் அக்காவும் அத்தானும் பல்பொடி தயாரித்தார்கள். வாங்க ஆளில்லை. அந்த வாரச் சந்தையிலும் விற்காவிட்டால் கொழும்புக்குக் கப்பலேறுவதாக அத்தான் முடிவு செய்துவிட்டார். அழுதழுது அக்காவின் கண்கள் வீங்கிக் கிடந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. ஊரையே கூட்டிக் காட்டுகிறேன் என்று மார்தட்டினேன்.

"ஏலே, பல்லு வெளக்குத எடம் ஆத்துப் படித்துறை. அங்கன உக்காந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை குடுத்தா போதாதா?" என்றாள் அக்கா.

"ஒனக்கு யாவாரம் தெரியாது" என்றேன். (எனக்குத் தெரிந்த வியாபாரம், கடையில் கொசுறு கேட்பது.)

சந்தையன்று விடிந்ததும், சர்க்கார் உத்தரவுகளை ஊருக்குச் சொல்லும் தமுக்குக்காரரைக் கெஞ்சி அழைத்து வந்தேன்.

"நான் தட்டுனா சனம் வேற மாதிரி நெனைக்கும் அய்யா" என்று தயங்கினார்.

"சும்மா அடியும்வே, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

தமுக்கு முழங்கியது. "சகலமானவர்களுக்கும்..." என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம், கூட்டத்தில் ஒரு குரல் அலறியது.

"அம்மை குத்த வந்துட்டானுவ! பிள்ளையளத் தூக்கிட்டு ஓடுங்க!"

அந்த மாதம் தமுக்குச் சத்தம் கேட்ட ஊரிலெல்லாம் பின்னாலேயே அம்மைத் தடுப்பூசி குத்துகிறவரும் வந்திருந்தார். அதை நான் யோசிக்கவே இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் சந்தை காலி. நானும் தமுக்குக்காரரும் ஓர் ஆடும் மட்டும் நின்றோம். (ஆடும் என்னை மதிக்கவில்லை.) அத்தான் கப்பலேறிவிட்டதாகவே நினைத்து, கூட்டத்தின் பின்னாலேயே ஓடினேன்.

ஓடியவர்கள் அக்கரைக்குத் தப்பப் பார்த்தார்கள். தாமிரபரணியில் வெள்ளம். வேறு வழியில்லாமல் படித்துறையில் உட்கார்ந்தார்கள். அங்கே, என்னை நம்பாத அக்கா நார்ப்பெட்டி நிறையப் பொடியோடு முன்பே உட்கார்ந்திருந்தாள்! இருட்டோடு வண்டி கட்டி வந்த கூட்டம். பாதிப்பேர் பல்லே விளக்கவில்லை. ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தாள். விளக்கிக் கொப்பளித்து, ஒருவருக்கொருவர் பல்லைக் காட்டி மகிழ்ந்து, காசு கொடுத்துப் பொட்டலம் பொட்டலமாக வாங்கினார்கள். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் ஒரு பொட்டலமும் மிச்சமில்லை.

"இன்னும் இருக்கா தாயி?" என்று கூட்டம் மொய்த்தது. அக்காவின் பக்கத்திலிருந்த அத்தான் கொழும்பை மறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த பெட்டியெடுக்க வீட்டுக்கு ஓடினார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"பாத்தியாக்கா, ஊரையே கூட்டிட்டேன்" என்றேன், கூசாமல்.

பொடி அதன்பின் திருநெல்வேலிக் கடைகள் வரை போனது. அத்தான் கடைசிவரை கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. விளம்பரப் பொறுப்பு மட்டும் என்னிடம் திரும்பி வரவேயில்லை. என் மகள் கல்யாணத்தில், பந்திக்கு அழைக்கலாமென்று தொண்டையைச் செருமினேன். அக்கா பாய்ந்து வந்து வாயைப் பொத்தினாள்.

"ஏலே, நீ கூப்பிடாத! மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஓடிருவாங்க!"