கேட்வால்வு கடலுக்குத் தைத்த சட்டை

மதுரையில் ஒருவர் "எனக்கெல்லாம் எதைப் பார்த்தாலும் அதிர்ச்சியே வராது" என்று சொன்னால், அவர் இன்னும் கேட்வால்வைச் சந்திக்கவில்லை என்று அர்த்தம். நான் பதினோரு வருடமாகச் சந்தித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கிருக்கும் ரத்தக்கொதிப்பில் பாதி அப்பா வழியில் வந்தது. மீதி கேட்வால்வு வழியில் வந்தது.

வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் பைப் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைப் பலகையில் அவர் பேர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யாரும் நிமிர்ந்து படித்ததில்லை. பேசும்போது வலது கையால் காற்றில் ஒரு வால்வைத் திருகிக்கொண்டே பேசுவார். முக்கியமான விஷயம் என்றால் நாலு சுற்று. ரகசியம் என்றால் அரைச் சுற்று. தண்ணீர்க் குழாயில் சுற்றித் திறக்கும் வால்வுக்குக் கேட்வால்வு என்று பேர்; அதனால் அவரும் கேட்வால்வு. நான் அவருக்குச் சரக்கு அனுப்பும் பைப் கம்பெனியின் விற்பனை அதிகாரி. கே.கே. நகரில் ஆபீஸ். அவருக்கு நான் மாப்ள, எனக்கு அவர் அண்ணே, அவர் மனைவி எனக்கு மதினி.

உடுப்பு விஷயத்தில்தான் மனிதர் ஆளைக் கொல்வார். ஒருமுறை டீலர்கள் கூட்டம் பெரிய ஓட்டலில் நடந்தது. அழைப்பிதழில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று போன் பண்ணினார். நான் ஏதோ அவசரத்தில், "கோட்டு சூட்டெல்லாம் வேணாம்ணே, லேசா எதையாவது போட்டுட்டு வாங்க" என்றேன். அவர் கை வைத்த பனியனும் நாலு முழ வேட்டியுமாக வந்து இறங்கினார். வாசல் காவலாளி சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டிவிட்டார். கேட்வால்வும் மறுபேச்சில்லாமல் அடுப்படிக்குள் நுழைந்து, ரசத்தை ஒரு கரண்டி ருசி பார்த்து, உப்புக் குறைவு என்று சொல்லி, அதைச் சரிபண்ண வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தார். எங்கள் மண்டல மேலாளர் மேடையில் பேச்சை நிறுத்திவிட்டார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"நீதானே லேசா வரச்சொன்ன? இதுக்கு மேல லேசா வந்தா கோமணந்தான் மாப்ள."

இப்பேர்ப்பட்ட ஆளைத்தான் கம்பெனி கப்பலில் ஏற்றச் சொன்னது. அந்த வருடம் நன்றாக விற்ற இருபது டீலர்களையும் அவர்கள் மனைவிமார்களையும் லட்சத்தீவுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. கொச்சியில் கப்பல் ஏறி, தீவு தீவாக இறங்கி, கடலில் விளையாடித் திரும்ப வேண்டும். டிராவல்ஸ்காரர்கள் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். தீவில் இறங்கும்போது லேசான பருத்தித் துணி, நீச்சல் உடை, வெயில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு, தண்ணிக்குள் போட ரப்பர் செருப்பு, தண்ணி புகாத பை, குமட்டலுக்கு மாத்திரை, கப்பல் ஏசிக்கு ஒரு சால்வை. நான் தமிழில் எழுதி வாட்ஸப்பில் போட்டேன். பத்தொன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். இருபதாவது ஆள் போன் பண்ணினார்.

"மாப்ள, வெயிலுக்குக் களிம்பா? மதுரக்காரனுக்கா?"

"தீவு வெயில் வேறண்ணே. தண்ணியிலயும் மணல்லயும் பட்டுத் திருப்பி அடிக்கும்."

"சரி, அத விடு. தண்ணிக்குள்ள எதுக்குச் செருப்பு?"

"பவளப்பாறை காலைக் கிழிச்சிரும்ணே."

"அம்புட்டுத்தானே? நான் பாத்துக்கிறேன்."

அந்த 'நான் பாத்துக்கிறேன்' காதில் விழுந்ததும் ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தேடினேன். நாலு நாள் கழித்து, வா என்று கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே பம்புசெட் தொட்டிக்குள் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடு இறங்கி நின்றார். "இதுக்குள்ள தண்ணி ரொம்பினா காலைத் தூக்க முடியாதேண்ணே" என்றேன். அவர் பெருமையாகக் காலைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்தார். இரண்டு பூட்ஸிலும் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளை வால்வு. குனிந்து திருகினார். தண்ணீர் சர்ரென்று வெளியே வந்தது. தோட்டக்காரர் கும்பிட்டார். நான் தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் பெயர்ப் பட்டியல் முடிக்க வேண்டியிருந்தது. கேட்வால்வு தன் பேரை மட்டும் கொடுத்தார்.

"ஒன் மதினி வரலைங்குது மாப்ள."

"ஏண்ணே?"

"அந்தப் பட்டியலப் படிச்சுச்சு. வரலைன்னுருச்சு."

இரண்டு வாரம் கழித்து மறுபடி போன் வந்தது. "ரெண்டு பேரும் வாரோம்" என்றார். மதினி எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டேன். "துணி தச்சாச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நேரில் இருந்திருந்தால் கை அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும்.

கொச்சியில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் பெட்டிகளை மெஷினில் விட்டுப் பார்த்தார்கள். வரிசை சரசரவென்று நகர்ந்தது. கேட்வால்வின் பை உள்ளே போனதும் மெஷின் நின்றது. திரையைப் பார்த்த அதிகாரியின் முகம் வெளுத்தது. பையிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொன்ன பொருளைப் பார்த்ததும் என் முகமும் வெளுத்தது. ஒரு அடி நீளத்துக்குப் பிவிசி பைப். இரண்டு முனையிலும் இறுக்கி மூடிய மூடி.

"இது என்ன?" என்றார் அதிகாரி, இரண்டடி பின்வாங்கி.

"தண்ணி புகாத பை" என்றார் கேட்வால்வு.

பக்கத்து வரிசை தானாகக் காலியானது. துப்பாக்கி வைத்த இருவர் எங்கிருந்தோ வந்தார்கள். நான் கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்வால்வு மட்டும் பதறாமல், "மரை வச்ச மூடி சார், இடது பக்கமா நாலு சுத்து" என்று வழி சொன்னார். உள்ளே ஆதார் அட்டை, குமட்டல் மாத்திரை, ஒரு துண்டுச் சுக்கு, இரண்டு எலுமிச்சம்பழம். அதிகாரி கொஞ்ச நேரம் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைப்பை வாங்கி வைத்துக்கொண்டு, மற்றதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை முதல் தீவு. கப்பல் தள்ளி நிற்க, சின்னப் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். படகு ஏறும் இடத்தில் எங்கள் ஆட்கள் புத்தம்புது அரைக்கால் சட்டையில் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு வெளிச்சமே காணாத முழங்கால்கள். யாரும் களிம்பு பூசவில்லை. பார்த்த அதிர்ச்சியில் இருந்து நான் மீள்வதற்குள், பின்னாலிருந்து ஒரு சலசலப்பு.

கேட்வால்வும் மதினியும் வந்துகொண்டிருந்தார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளுமாக, ஜரிகையும் தொங்கலும் வைத்த உடுப்பு. அச்சு அசல் அதே உடுப்பு. கழுத்து வரை மூடி, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை கால், தலையில் குஞ்சம் வைத்த தொப்பி. அவருக்கு ஒன்று, மதினிக்கு ஒன்று. அவர் காலில் வால்வு வைத்த பூட்ஸ் வேறு. கப்பலில் இருந்த வடநாட்டுக்காரர்கள் இது ஏதோ கலைநிகழ்ச்சி என்று கைதட்டினார்கள்.

"அண்ணே, கம்பெனி மானம் போகுது. போய் மாத்திட்டு வாங்க" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதுக்கு? தண்ணிக்குள்ள எறங்குறதுக்குன்னு மதுரையில தைக்கிற துணி இது ஒண்ணுதான் மாப்ள. வெல்வெட்டு நனைஞ்சா கனக்கும்னு டெய்லர்ட்டச் சொல்லிக் குடைத்துணியில தைக்கச் சொன்னேன்."

மதினி கேபின் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். கேட்வால்வின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. நல்லவேளையாக, பயணிகளைத் தீவுக்கு அழைத்துப் போகும் பாலக்காட்டுப் பெண் குறுக்கே வந்தார். "இது நல்லதுதான் சார். உடம்பு மூடியிருந்தா வெயில் சுடாது. தீவுக்காரங்களும் இதைத்தான் விரும்புவாங்க. அரைக்கால் சட்டை போட்டவங்கதான் ஊருக்குள்ள போறப்ப வேட்டி கட்டணும்" என்றார். மதினி நின்றார். படகில் ஏறினார்.

தீவைச் சுற்றிலும் பார்க்கப் பார்க்கக் கண் கூசும் பச்சைத் தண்ணீர். கயிறு கட்டியிருக்கும் இடம்வரை இடுப்பளவு ஆழம்தான், அதைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். எல்லோரும் கேட்வால்வைப் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். அவரும் சளைக்காமல் கையை ஆட்டி, தொங்கலை விரித்துக் காட்டி, பின்பக்கமாகவே நடந்து, கயிற்றைத் தாண்டிவிட்டார்.

குடைத்துணியில் ஒரு குணம் உண்டு. தண்ணீரும் புகாது, உள்ளே இருக்கும் காற்றும் சட்டென்று போகாது. கேட்வால்வு உப்பினார். முதலில் கை, பிறகு முதுகு, பிறகு வயிறு. சிவப்பு மஞ்சள் பலூனாக மல்லாந்து மிதந்து, காற்றடித்த பக்கம் போக ஆரம்பித்தார். கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் சின்னதாகிக்கொண்டே போனார். கழுத்துப் பக்கம் காற்று புசுபுசுவென்று வெளியேறுவது தெரிந்தது. பூட்ஸில் தண்ணீர் ஏறிக் கால் கீழே இழுத்தது. அவர் குனிந்து வால்வைத் திறக்கப் பார்த்தார். தலை ஒருமுறை முங்கி எழுந்தது.

அவருக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகு அடுத்த ஆட்களை ஏற்றக் கப்பலுக்குப் போயிருந்தது. எங்கள் ஆண்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. பாலக்காட்டுப் பெண் தூரத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்.

என் பக்கத்தில் ஏதோ சரக்கென்றது. மதினி அந்தத் தொங்கல் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி மணலில் எறிந்தார். உள்ளே அரைக்கை வைத்த சாதாரணச் சுடிதார். தண்ணீரில் பாய்ந்தார். மதுரைக்கு மேற்கே பெரிய கிணறுகளில் குதித்து வளர்ந்தவர்களின் நீச்சல் அது. அழகெல்லாம் இருக்காது, ஆனால் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பத்து மூச்சில் அவரை எட்டிவிட்டார்.

"அந்தக் கருமம் பிடிச்ச பூட்ஸக் கழட்டுங்க மொதல்ல" என்ற குரல் கரை வரை கேட்டது.

"வால்வு இருக்குத்தா..."

"வாய மூடிட்டு மல்லாக்கப் படுங்க."

சட்டைத் தொங்கலை ஒரு கையில் பிடித்து, கன்றுக்குட்டியை இழுத்து வருவதுபோல இழுத்து வந்தார். கரையேறும்போதுதான் பார்த்தோம். மதினியின் இடது கை முழுக்க, கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை, தீப்பட்டுச் சுருங்கிய தழும்பு. இத்தனை வருடத்தில் முழுக்கை ரவிக்கையும் இழுத்துப் போர்த்திய முந்தானையும் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. அதைக் கவனித்ததும் இல்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனை இறக்கினார்கள்.

கேட்வால்வு உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, முதல் வேலையாக மணலில் கிடந்த சட்டையை எடுத்து மதினி தோளில் போர்த்தப் போனார். மதினி கையைத் தட்டிவிட்டார்.

"இருக்கட்டும். பாத்தவுக பாத்துட்டாக."

கேட்வால்வைப் படுக்கவைத்துப் பாலக்காட்டுப் பெண் நாடி பார்த்துக்கொண்டிருந்தபோது, மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தீவாளிக்கு முறுக்கு சுடுறப்ப எண்ணெச் சட்டி கவுந்துருச்சு தம்பி. இருவது வருசமாச்சு. நீச்சல் துணின்னு பட்டியல்ல பாத்ததும் நான் வரலைன்னேன். இவுகளும் கடையில ஒக்காந்து யோசிச்சு யோசிச்சு இதத் தச்சிட்டு வந்தாக. எனக்கு மட்டும் தச்சா ஊரே என்னயப் பாக்கும்ல, போட மாட்டேன்னேன். 'நானும் போடுறேன், பூட்ஸு, தொப்பின்னு இன்னும் நாலு சேத்துப் போடுறேன், ஒருத்தன் கண்ணும் ஒன்னயத் தேடாது'ன்னாக."

போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னவன் நான்தானே. "மன்னிச்சுருங்க மதினி" என்றேன். "ஒங்களுக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தலைமுடியைப் பிழிந்தார்.

அடுத்த இரண்டு தீவுகளிலும் மதினி அரைக்கைச் சுடிதாரோடுதான் இறங்கினார். காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை கரையேறவில்லை. கேட்வால்வு அதே சிவப்பு மஞ்சள் உடுப்பில், கணுக்கால் தண்ணீரில், துண்டை வைத்துக்கொண்டு நின்றார். அரைக்கால் சட்டைக்காரர்கள் பத்தொன்பது பேரும் கால் வெந்து, தோல் உரிந்து, கேபினில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். இரண்டு பேர் என்னிடம் ரகசியமாக அந்த டெய்லரின் நம்பர் கேட்டார்கள்.

போன வாரம் கம்பெனி புது டூர் அறிவித்தது. இந்த முறை பனிமலை. ஆபீஸில் உட்கார்ந்து பட்டியலை முழுதாகத் தட்டச்சு செய்வதற்குள் போன் அடித்தது.

"மாப்ள, பனிக்கு எம்புட்டுத் துணி போடணும்? எனக்கு ஒரு யோசனை தோணுது. சொன்னா நீ அதிர்ச்சியாகிருவ."

"ஆக மாட்டேன்ணே" என்றேன். "என்ன தச்சாலும் எனக்கும் ஒண்ணு சேத்துத் தைக்கச் சொல்லுங்க. அளவு கொடுக்கச் சாயந்தரம் வாரேன்."