ஐஸ் டோப்பி

காதில் பாதி விழுந்ததற்கு முழுசாகத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, பிள்ளைகளே. நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் அம்மா சொல்லிவிடுவாள்.

அப்போது ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், ரசாயனக் கூடத்தில் எனக்கு அட்டெண்டர் வேலை. தற்காலிகம்தான். வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் பேச வருகிறார், நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

முதல் நாள் கெமிஸ்ட்ரி சார் நடந்துகொண்டே சொன்னார்: "நாளைக்கு ஐசோடோப்புப்பா! மேடையில எல்லாம் ரெடியா இருக்கணும். தொரை வெயில் தாங்க மாட்டாரு."

எனக்குக் கேட்டது 'ஐஸ் டோப்பி'. (எங்கள் பக்கத்தில் உருது பேசுகிறவர்கள் தொப்பியை டோப்பி என்பார்கள்.) வெயில் தாங்காதவருக்கு ஐஸ் வைத்த தொப்பி! எவ்வளவு பொருத்தம்!

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த என் தோஸ்த் ரஹீமிடம் ஓடினேன்.

"ஐஸ் டோப்பியா? இன்னாடா அது?"

"சீமையில எல்லாரும் போடுறாங்க. ரெண்டு மடிப்பு, நடுவுல ஐஸ். தையல் ஒழுகக் கூடாது."

"என் தையல் ஒழுகுமா? போடா!"

மறுநாள் துரை பேச எழுந்ததும், மேடையேறி அவர் தலையில் தொப்பியை வைத்தேன். ஊர் மரியாதை என்று நினைத்து அவர் கைகூப்பினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி ஓரமாக நின்றேன்.

துரை பேசியது ஐசோடோப்பைப் பற்றி: ஆக்சிஜனில் எடை கம்மியானது, ஜாஸ்தியானது என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உண்டாம். பழங்காலச் சிப்பியில் அவை கலந்திருக்கும் அளவைப் பார்த்தே, அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லலாமாம். (இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குப் புரிந்தது 'குட் மார்னிங்' மட்டும்.)

ரஹீமின் தையல் ஒழுகவில்லை. தோல் ஒழுகியது. பதனிடுவதற்காக ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய புதுத் தோல்! காபி டிகாக்ஷன் நிறத்தில் ஒரு கோடு நெற்றியில் இறங்கி, மூக்கு நுனியில் நின்று யோசித்து, வெள்ளைச் சட்டையில் குதித்தது.

"டேய், இன்னாடா அது?" என்று பல்லைக் கடித்தார் கெமிஸ்ட்ரி சார்.

"நீங்க சொன்ன ஐஸ் டோப்பிதான் சார்."

பிரின்சிபால் முகத்தைப் பார்த்தேன். என் வேலை அங்கேயே செத்துக் கிடந்தது.

துரை தொப்பியைக் கழற்றி, ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்து ஏதோ கேட்டார்.

"இன்னா பட்டைன்னு கேக்குறாரு," என்றார் சார்.

"ஆவாரம்பட்டை."

துரை சிரித்துச் சிரித்துப் பேசினார். சார் தமிழில் சொன்னார்: "பழைய கடலைப் பத்தி சிப்பி சொல்ற மாதிரி, தண்ணி எங்கேர்ந்து வந்ததுன்னு இந்தச் சொட்டே சொல்லிடுது பாருங்க. நான் ஒரு மணி நேரம் சொல்ல வந்ததை இவரு அஞ்சு நிமிஷத்துல காட்டிட்டாரு!"

சிரிப்பிலும் கைதட்டலிலும் கூடமே அதிர்ந்தது.

வேலை நிரந்தரமானது. ஆனால் ரசாயனக் கூடத்தில் இல்லை, நூலகத்தில். "அங்க எல்லாமே எழுத்துல இருக்கும்," என்றார் பிரின்சிபால்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து உப்பு வாங்க அனுப்பினாலும் கையில் ஒரு சீட்டு தருகிறாள்: 'உப்பு'. அடியில் கோடு போட்டு, 'வேறொன்றும் வேண்டாம்'.