அப்பீல் மிஸ் நடத்திய வினாடிவினா

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவர்களில் வானிலை அறிக்கையோடுகூட வாதாடி வெல்லக்கூடியவர் ஒருவர்தான். எங்கள் கல்லூரியில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் அப்பீல் மிஸ். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அவரோடு படிப்பிக்கும் நாங்கள் யாரும் அதைப் பாவித்ததில்லை.

அன்புவழிபுரத்தில் அவர் பஸ் ஏறும்போது கண்டக்டர், "இடமிருக்கு, ஏறுங்கோ" என்பார். மற்றவர்கள் ஏறிவிடுவார்கள். மிஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "எங்க இருக்கு? காட்டுங்கோ, ஏறுறன்" என்பார். பின்னால் நிற்கும் ஓட்டோக்கள் எல்லாம் ஹோர்ன் அடிக்கும். கடைசியில் கண்டக்டர் தன்னுடைய இருக்கையையே கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கல்லூரி இருக்கும் ஓர்ஸ் ஹில் வரை வருவார்.

கல்லூரிகளுக்கிடையிலான வினாடிவினா வருடாவருடம் எங்கள் மண்டபத்தில்தான் நடக்கும். வருடாவருடம் சண்டையில்தான் முடியும். யாருடைய கை முதலில் உயர்ந்தது என்பதில் தொடங்கி, யாருடைய கையில் யார் கடித்தது என்பதில் வந்து நிற்கும். போன தடவை இரண்டு அணிகள் மைக்கை இரண்டு பக்கம் இழுத்ததில் வயர் ஒருவரிடமும் தலை மற்றவரிடமும் போய்ச் சேர்ந்தன. கல்லூரி அதிபர் ஏற்பாட்டுக் குழுவைக் கூப்பிட்டார்.

"இனி ஒருக்கா சண்டை வந்தா இதை நிப்பாட்டிப்போட்டுக் கோலப்போட்டி வைப்பன்" என்றார்.

குழுவின் செயலாளர் நான். அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். மிஸ் எழுந்தார்.

"பிள்ளையளில பிழையில்ல சேர். கேள்விக்கு ரெண்டு சரியான விடை இருந்தா மற்ற அணி என்ன செய்யிறது? முறைப்பாடு சொல்ல வழி வையுங்கோ. வழியில்லாட்டி மைக்கைத்தான் இழுப்பினம்."

"அப்ப நீங்களே நடத்துங்கோ" என்றார் அதிபர். எங்கள் கல்லூரியில் வாயைத் திறந்தவருக்கே வேலை.

அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. எழுதுகிற ஒவ்வொரு கேள்வியையும் மிஸ் எதிரே வருகிற ஆட்களிடம் கேட்டு, இரண்டாவது விடை கிடைக்கிறதா என்று பார்த்தார். "சூரியன் எங்க உதிக்குது?" என்று ஒருநாள் காலையில் கன்டீனில் கேட்டார். நான் கிழக்கு என்றேன். தேத்தண்ணி ஊற்றியவர் கடலில் என்றார். சீனன்குடாவிலிருந்து வேலைக்கு வரும் கிளார்க் நிதானமாக யோசித்து, "எனக்கு எண்ணெய்த் தாங்கிக்குப் பின்னால, மிஸ்" என்றார். மிஸ் அந்தக் கேள்வியை அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டார். நாங்கள் அவரைக் கண்டால் குறுக்கு வழியால் ஓடத் தொடங்கினோம். ஒருமுறை அதிபரும் என்னோடு சேர்ந்து ஓடினார்.

அடுத்தது கை உயர்த்தும் பிரச்சினை. ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு சத்தம் என்று மிஸ் முடிவெடுத்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் யார் முந்தியது என்று தெரியவேண்டுமாம். வெருகல் பக்கத்து அணிக்குச் சைக்கிள் மணி. மூதூர் அணிக்கு விசில். எங்கள் பிள்ளைகளுக்குத் தகரமும் தடியும். கிண்ணியா அணிக்கு, தெருத் தெருவாகப் பாட்டுப் போட்டுச் சனத்தைக் கூப்பிட்டு பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோவிலிருந்து இரவல் வாங்கிய பாட்டுப் பெட்டி.

போட்டியன்று கிண்ணியாப் பிள்ளைகள் கெட்டிக்காரத்தனமாக விடை சொல்லச் சொல்ல, பாண் பாட்டு ஓர்ஸ் ஹில் முழுக்கக் கேட்டது. சற்று நேரத்தில் காவலாளி ஓடிவந்தார்.

"மிஸ், கேற்றடியில சனம் பையோட நிக்குது. பாண் எங்க எண்டு கேக்கினம்."

"உள்ள வரச் சொல்லுங்கோ. கதிரை சும்மாதானே கிடக்கு."

வருடாவருடம் நாங்கள் மாணவர்களை வெருட்டி இருத்தியும் நிரம்பாத மண்டபம் அன்று நிரம்பி வழிந்தது. பாண் வாங்க வந்தவர்கள் பிறகு பாணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு விடைக்கும் கைதட்டினார்கள்.

கடைசிக் கேள்வி வந்தபோது கிண்ணியாவும் வெருகலும் சமபுள்ளி. "உலகத்திலேயே மிகப் பெரிய உயிரினம் எது?" என்று மிஸ் கேட்டார். பாண் பாட்டு முந்தியது.

"நீலத்திமிங்கிலம்" என்றான் கிண்ணியாத் தலைவன். நம்முடைய கடலிலேயே வந்து போகிற மிருகம். மண்டபம் அதிர்ந்தது. புள்ளி கொடுத்தாயிற்று.

அப்போது வெருகல் அணியில் ஒரு பிள்ளை மஞ்சள் அட்டையைத் தூக்கினாள். அதுவும் மிஸ்ஸின் ஏற்பாடுதான். அணிக்கு ஓர் அட்டை, அதைத் தூக்கினால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு முறைப்பாட்டைக் கேட்கவேண்டும்.

"மிருகமா உயிரினமா, மிஸ்? உயிரினம் எண்டா பூஞ்சணமும் உயிர்தானே. காட்டு மண்ணுக்குக் கீழ மைல் கணக்கில படர்ந்த ஒரே பூஞ்சணம் இருக்கெண்டு படிச்சனான்."

அதிபர் கதிரையிலிருந்து பாதி எழும்பினார். அவர் முகத்தில் கோலப்போட்டி தெரிந்தது. நான் மைக்கை இறுக்கிப் பிடித்தேன்.

மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியில் தேடினார். வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஊரெல்லாம் அப்பீல் செய்து திரிந்தவருக்கு, அவர் மேலேயே ஒரு அப்பீல்.

"பிழை என்ர. அப்பீல் சரி. இந்தக் கேள்வி செல்லாது, புள்ளியும் இல்லை" என்றார். பல்லெல்லாம் தெரிய அப்படி அவர் சிரித்து நாங்கள் கண்டதில்லை.

ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. மேலதிகக் கேள்வி ஒன்று கேட்டார். சைக்கிள் மணி முந்தியது, கோப்பை வெருகலுக்குப் போனது. கிண்ணியாத் தலைவன் கைகொடுக்க வந்தான்.

"நாங்க பூஞ்சணத்துக்குத்தான் தோத்தம். உங்களுக்கில்ல" என்றான்.

"பூஞ்சணத்திட்டச் சொல்லிவிடுறன்" என்றாள் அந்தப் பிள்ளை.

வாசலில் அதிபர் என் தோளைத் தட்டி, "அடுத்த வருசமும் இவவே செய்யட்டும்" என்றார்.

போன மாதம் எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. நானே கேட்டு, ஆட்களைப் பிடித்து, அலைந்து பெற்ற மாற்றம். அடுத்த வினாடிவினாவுக்கு மிஸ் கேள்வி எழுதத் தொடங்கிய அன்று, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அதிபர் கேட்டார். இந்தக் கடற்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று சொன்னேன்.